மியூட்டை எடுங்கள், சகோதரி!

கேள்வி: கணவர் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார். நான் அங்கே போக ஜெர்மன் ஏ1 தேர்வு எழுத வேண்டுமாம். தாம்பரத்திலிருந்து ரயிலேறி நுங்கம்பாக்கம் போய்ப் படிப்பதா, வீட்டிலிருந்தே ஜூமில் படிப்பதா? – ஒரு வாசகி, சேலையூர்.

பதில்: முதலில் கணவரிடம் இருப்பது ‘புளூ கார்டு’ என்னும் வேலை-வசிப்பு அனுமதியா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் விசாவுக்கு ஏ1 சான்றிதழே பொதுவாகத் தேவையில்லை. திறன்பணியாளர்களுக்கான வேறு பல அனுமதிகளுக்கும் இந்த விலக்கு உண்டு. எந்த விலக்கும் இல்லையென்றால், வாழ்க்கைத்துணையிடம் ஏ1 கேட்க 2007-இல் வந்த சட்டம் உங்களை விடாது.

ஜூமே போதும். நுங்கம்பாக்கத்து ஜெர்மன் மையமான மாக்ஸ் முல்லர் பவனும் ஆன்லைனில் பாடம் நடத்துகிறது. பீச் லோக்கல் ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி வினைச்சொல் மனப்பாடம் செய்வதெல்லாம் இளவட்டங்களுக்கு. ஜூமில் ஒரு லாபமும் உண்டு: உதட்டை ‘உ’ போலக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்ல வேண்டிய ஓர் ஒலி ஜெர்மனில் இருக்கிறது. வகுப்பறையின் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் ஆசிரியர் விசிலடிப்பதாகத் தோன்றும். ஜூமில் அவர் உதடு உங்கள் மூக்கருகே.

ஆபத்து மியூட் பொத்தானில். குக்கர் சத்தம், மாமியார் சத்தம், தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் என்று காரணம் சொல்லிப் பலர் ஊமையாகவே மூன்று மாதம் ஓட்டிவிடுவார்கள். தேர்வு நேரில்தான். அதிலும் பேச்சுப் பகுதியில் நாலு பேர் வரை ஒன்றாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். எனவே சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவிடும் வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஆசிரியர் மட்டும் பேசும் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். அதற்கு யூடியூப் இலவசம்.