கேளுங்கள், சொல்கிறேன்: செயின்ட் லூசியா வகுப்பறை

கே: கரீபியன் தீவில் தொண்டு என்றால் பாதி நாள் கடற்கரையில்தானே? (தாம்பரம் வாசகர்)

ப: கடல் தெரியும், ஜன்னல் வழியாக. வகுப்பே கையைத் தூக்கிக்கொண்டு 'மிஸ், மிஸ்' என்று கூப்பிடும்போது அதைப் பார்க்க யாருக்கு நேரம்!

கே: வெயில் அதிகமோ? (வேலூர் வாசகர்)

ப: வேலூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது!

கே: போனதும் முதலில் எதைக் கற்க வேண்டும்? (கும்பகோணம் வாசகி)

ப: 'குட் மார்னிங்' சொல்ல. மினிபஸ்ஸில் ஏறினால், முன்பின் தெரியாதவர்கள் உட்பட எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. கடைக்குள் நுழைந்தால் இன்னொன்று. சொல்லாதவர் எவ்வளவு படித்திருந்தாலும், வளர்ப்பு சரியில்லை என்று தீர்ப்பாகிவிடும். பிள்ளைகள் இன்னும் கறார். வணக்கம் இல்லாமல் பாடத்தைத் தொடங்கினால் முன்வரிசை நமக்குப் பாடம் நடத்தும். நம் டவுன் பஸ்ஸுக்கும் இந்தப் பழக்கம் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நடத்துநர் முதல் படிக்கட்டில் தொங்குபவர் வரை வணக்கம் வைத்து முடிப்பதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிடும். சண்டை போட யாருக்கும் வாய் ஒழியாது.

கே: சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? (சேலம் வாசகி)

ப: தேசிய உணவே வாழைக்காயும் உப்பு மீனும். காலையில் பட்டையும் ஜாதிக்காயும் மணக்கும் கோகோ டீ. இதற்குமேல் என்ன வேண்டும்?

கே: அந்தக் குட்டித் தீவில் பெருமைப்பட என்ன இருக்கிறது? (கோவை வாசகர்)

ப: மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை சுமார் 1.8 லட்சம். நோபல் பரிசு இரண்டு: பொருளாதாரத்துக்கு 1979இல் ஆர்தர் லூயிஸ், இலக்கியத்துக்கு 1992இல் டெரெக் வால்காட். இருவருக்கும் பிறந்தநாள் ஜனவரி 23, இருவரும் படித்தது தலைநகர் காஸ்ட்ரீஸில் ஒரே பள்ளி! அந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டுக்கு 800 நோபல் வந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டா? 2012, 2016 டி20 உலகக் கோப்பைகளை ஏந்திய கேப்டன் டேரன் சமி இந்த ஊர்ப் பிள்ளை. ஓட்டமா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.72 நொடியில் முடித்தார் ஜூலியன் ஆல்ஃபிரட். நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம். இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்குங்கள், தூங்கும் பையனும் நிமிர்வான்.

கே: தொண்டர் அங்கே செய்ய உருப்படியான வேலை என்ன? (நாகர்கோவில் வாசகர்)

ப: கூட உட்கார்ந்து வாசிப்பது. என் பழைய பல்லவிதான், சலிக்காமல் பாடுவேன். அமெரிக்காவின் பீஸ் கோர் தொடங்கிய 1961லேயே இந்தத் தீவுக்குத் தொண்டர்கள் வந்தார்கள். பின்னாளில் வந்தவர்களுக்கு முக்கியப் பணியே ஆரம்பப் பள்ளியில் வாசிப்புதான். பல வீடுகளில் குவெயோல் என்ற உள்ளூர் மொழிதான் பேச்சு. பாடப் புத்தகமோ ஆங்கிலத்தில். தடுமாறும் பிள்ளையை மக்கு என்று நினைப்பது பாவம். அது இரண்டு மொழியைச் சுமக்கிறது. ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கே பாயாமல், வரி முடியும்வரை பொறுத்திருங்கள்.

கே: பிள்ளைகளோடு போட்டோ எடுத்துப் போடலாமா? (சென்னை வாசகர்)

ப: பெற்றோர் சம்மதித்தால் எடுங்கள். இல்லையென்றால் போனைப் பைக்குள் வையுங்கள்.

கே: என் மகள் கல்லூரி விடுமுறையில் இரண்டு வாரம் அங்கே ஒரு காப்பகத்தில் தொண்டு செய்ய ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா? (மதுரை அம்மா ஒருவர்)

ப: வேண்டாம் அம்மா. அவள் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காப்பகத்துப் பிள்ளை ஏற்கெனவே யாரையோ பிரிந்து வந்தது. இரண்டு வாரத்தில் உங்கள் மகளோடு ஒட்டிக்கொள்ளும். அவள் விமானம் ஏறுவாள். அடுத்து இன்னொரு அக்கா வருவார், போவார். ஒவ்வொரு பிரிவுக்கும் விலை கொடுப்பது அந்தப் பிள்ளைதான். படிப்பு முடியட்டும். ஓராண்டாவது தங்க முடிந்தால், ஏதாவது ஒரு பள்ளியில் உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாகப் போகட்டும். அவள் கிளம்பிய பிறகும் வேலை நிற்காது. அதுவரை உங்கள் தெருப் பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம், நாள் தவறாமல், ஒரு பிள்ளையோடு வாசிக்கட்டும். எங்கே போனாலும், என்றைக்குக் கிளம்புகிறாள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.