பஞ்சமிக்கு இரண்டு பந்தி

திருவையாறு தியாகராஜ ஆராதனையில் கட்சி பிரிந்து மல்லுக்கு நின்ற காலம் முப்பது வருஷத்துக்கு மேல். அதில் ஒரு நாளாவது தோடி சரியா, பைரவி சரியா என்று கட்சி கட்டினார்களா என்றால் இல்லை. பூஜை யார் செய்வது, எந்தத் தேதியில் செய்வது, பந்தி யார் போடுவது, யார் முன்வாசலில் நிற்பது, யார் பின்வாசலுக்குப் போவது, இவைதான் விவகாரம். சங்கீதம் பாட்டுக்கு ஒரு மூலையில் நடந்துகொண்டிருந்தது.

அமராவதி நகரில் உட்கார்ந்துகொண்டு திருவையாற்று வம்பை எழுத உனக்கென்ன பாத்தியதை என்று கேட்கலாம். தண்ணீர்ப் பாத்தியதைதான். எங்கள் அணையில் திறந்துவிடுவது தாராபுரம், கரூர் எல்லாம் தாண்டி, வழியில் உள்ளவர்கள் விட்டுவைத்தது போக மிச்சம் திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்ந்து அந்தப் படித்துறைக்கும் போகிறது. அணை கட்டியது 1957இல்தான். ஆறு அதற்கு முன்பும் ஓடியது. ஆகையால் பாத்தியதை பழசு.

தியாகராஜர் கடைசி நாட்களில் சந்நியாசம் வாங்கிக்கொண்டு, 1847 ஜனவரி 6, புஷ்ய பகுள பஞ்சமியன்று சமாதியானார். சந்நியாசிக்கு வருஷத் திவசம் கிடையாது, ஆராதனைதான். பூஜை செய்து நாலு பேருக்குச் சாப்பாடு போட்டால் கடமை முடிந்தது. கச்சேரி என்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது. சீடர்கள் அவரவர் ஊரில், அவரவர் வீட்டில், அவரவர் வசதிப்படி அதைச் செய்துவந்தார்கள். காவிரிக்கரைச் சமாதியை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. செடியும் கொடியும் பார்த்துக்கொண்டன. நேரடிச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் 1903இல் வந்து புதர் நீக்கி, சமாதியைச் சீர் செய்தார்கள். அதுவரை ஐம்பத்தாறு வருஷம் அங்கே ஒரு சச்சரவு இல்லை. கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் எப்படிச் சச்சரவு வரும்?

பிறகு பக்கத்து ஊர் தில்லைஸ்தானத்திலிருந்து நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிதாக நடத்தப் புறப்பட்டார்கள். அண்ணன் தம்பி சேர்ந்து ஆரம்பிக்கும் எதுவும் எங்கே போய் முடியும் என்று எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பனியன் கம்பெனியில் பெரியவர் நிட்டிங், சின்னவர் கட்டிங் என்று இருப்பார்கள். ஒரு தீபாவளி போனஸ் கணக்கில் முறைத்துக்கொள்வார்கள். அடுத்த பொங்கலுக்குள் ஒரே காம்பவுண்டில் இரண்டு கேட், இரண்டு போர்டு, இரண்டு பேரும் பழைய பையரிடம் ‘நாங்கதாங்க ஒரிஜினல்’ என்பார்கள். திருவையாற்றில் பையர் இடத்தில் தியாகராஜர் இருந்தார். அவர் சமாதியில் இருந்ததால் தப்பித்தார்.

அண்ணன் பக்கம் நின்றது பெரிய கட்சி, தம்பி பக்கம் நின்றது சின்னக் கட்சி. ஊரார் வைத்த பேர் இவ்வளவுதான். கொள்கை விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பின்னாளில் பெரிய கட்சிக்குச் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதரும், சின்னக் கட்சிக்குப் பிடில் சக்கரவர்த்தி மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் தலைமைக்கு வந்தார்கள். வித்வத்தில் இரண்டு பக்கமும் குறைவில்லை. பிடிவாதத்திலும் இல்லை.

பிரச்சினை பஞ்சமி. ராகத்தை இரண்டு பேர் பாடலாம், கீர்த்தனையை இருநூறு பேர் பாடலாம். திதியை என்ன செய்வது? வருஷத்துக்கு ஒன்றுதானே வருகிறது! கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு ராஜி செய்தார்கள். சின்னக் கட்சி ஐந்து நாள் முன்னதாக விழாவை ஆரம்பித்துப் பஞ்சமியன்று முடித்துக்கொள்ள வேண்டியது. பெரிய கட்சி பஞ்சமியன்று ஆரம்பித்து அதற்குப் பிறகு நாலு நாள் நடத்திக்கொள்ள வேண்டியது. தமிழ்நாட்டில் எழுதப்பட்ட நிகழ்ச்சி நிரல்களில் இதை மிஞ்சியது இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒருவருக்கு மங்களம் பாடும் நாள், மற்றவருக்குப் பிள்ளையார் சுழி போடும் நாள். இரண்டு பேருக்கும் திருநாள் தவறவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்கிறேன். இது என் கற்பனை. எந்தக் குறிப்பிலும் தேட வேண்டாம். காவிரிக்கரையில் இரண்டு கொட்டகை. இரண்டு கொட்டகைக்கும் பின்னால் இரண்டு கோட்டை அடுப்பு. இந்தப் பக்கம் விறகு ஈரம், புகை அந்தப் பக்கம் போகிறது. அதுவே ஒரு கட்சித் தாக்குதலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. சின்னக் கட்சிப் பரிசாரகர் அண்டாவில் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டே, “ஏண்டா, அங்கே சாம்பாருக்கு என்னதான் போட்டிருக்கான், பார்த்துட்டு வா” என்கிறார். பையன் ஓடிப்போய் வருகிறான்.

“பறங்கிக்காய் மாமா.”

“நமக்கு?”

“நமக்கும் பறங்கிக்காய்தான் மாமா.”

“அப்போ முருங்கைக்காயையும் அரிஞ்சு போடு. இன்னிக்கு அவன் ஆரம்பிக்கணும், நாம முடிக்கணும். முடிக்கறவன் குறைச்சலா முடிக்கப்படாது.”

ஊர்க்காரர்களுக்கு இதில் எந்த மனத்தாங்கலும் இருந்திருக்காது. ஒரே கட்சியாக இருந்தால் ஐந்து நாள் சாப்பாடு. இரண்டாகப் பிரிந்ததால் ஏறக்குறைய பத்து நாள். ஒற்றுமை வேண்டும் என்று திருவையாற்று வாசிகள் யாராவது மனு கொடுத்திருந்தால் அவர் வயிற்றுக்கோளாறு உள்ளவராக இருந்திருக்க வேண்டும்.

சங்கீதத்துக்காகவே சண்டை போட்டவர்கள் அந்தக் காலத்தில் இல்லாமல் போகவில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூரில் இருந்தார்கள். ஆபிரகாம் பண்டிதர், சித்த வைத்தியர், மாத்திரை விற்ற காசைப் போட்டு 1912 முதல் 1916 வரை ஏழு சங்கீத மகாநாடு கூட்டினார். அங்கே கேள்வி ஒன்றுதான்: ஸ்தாயியில் சுருதி இருபத்திரண்டா, இருபத்துநாலா? அந்த இரண்டு சுருதிக்காகப் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ என்று தலையணை தடிமனில் ஒரு புத்தகமே 1917இல் போட்டார். ஆற்றின் இந்தப் பக்கம் கால் சுருதிக்கு ரத்தக்கொதிப்பு, அந்தப் பக்கம் பந்திக்கு. தஞ்சாவூர் ஜில்லா அப்போது மிகவும் சுறுசுறுப்பாக இருந்தது.

இந்த இரண்டு கட்சியும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு ஆள் 1921இல் வந்து சேர்ந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதி இருக்கிற கோலத்தை அவருக்கு எழுதித் தெரிவித்தவர் குருநாதர் பிடாரம் கிருஷ்ணப்பா. ஆராதனை நடத்துகிறோம் என்று இரண்டு கட்சி முட்டி மோதிக்கொண்டிருந்த இடத்தில், ஆராதிக்கப்படுகிறவருக்குத் தலைக்கு மேல் ஒழுங்கான கூரை இல்லை! இதுவும் நிகழ்ச்சி நிரலில் விட்டுப்போன அம்சம். அம்மாள் நிலத்தை வாங்கினார், நகையை விற்றார், அக்டோபர் 1921இல் அஸ்திவாரம் போட்டார், 1925 ஜனவரி 7 அன்று கும்பாபிஷேகம் செய்து முடித்தார். கமிட்டி இல்லை, ராஜி இல்லை. கட்டடம் மட்டும் இருந்தது.

கட்டி முடித்த பிறகு, சந்நிதியில் நானும் பாட வேண்டும் என்றார். இரண்டு கட்சிகளும் பல வருஷங்களுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: முடியாது. பெண், அதிலும் தேவதாசி. பாகவத கோஷ்டிக்கு நடுவே எப்படி? வீட்டைக் கட்டினவளை, கொல்லைப்புறத்தில் உட்கார் என்று குடி வந்தவர்கள் சொன்ன கதை. நாகஸ்வர வித்வான்களுக்கும் கிட்டத்தட்ட இதே மரியாதைதான். ஊர்வலத்துக்கும் வாசலுக்கும் வேண்டும். உட்கார்ந்து வாசிக்க மேடை கேட்டால் ஆகாது.

பாகவதர்கள் ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டார்கள். முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனம்’ காவியத்தை 1910இல் பதிப்பித்து, அது ஆபாசம் என்ற வீரேசலிங்கம் பந்துலுவுக்குப் பதில் கொடுத்து, சர்க்காரே தடை போட்டும் அசராத பெண்மணி அவர். அவருக்கு இந்த இரண்டு கோஷ்டி எம்மாத்திரம்? கொல்லைப்புறமா, சரி, கொல்லைப்புறம். 1927இல் சமாதிக்குப் பின்பக்கத்திலேயே பெண்கள் கட்சியின் ஆராதனை ஆரம்பமாகிவிட்டது. மூன்றாவது கட்சி, மூன்றாவது நிகழ்ச்சி நிரல். முன்பக்கம் உள்ளவர்கள் தேதியை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டார்கள். அம்மாள் இடத்தையே முன், பின் என்று வெட்டிக்கொண்டார். தவிர, முன்பக்கம் நிற்கிறவர்கள் நின்றதும் அவர் கட்டின கட்டடத்தில்தான். இந்த ஒரு விவரத்தைப் பாகவதர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் புரிந்துகொண்டார்கள். மெதுவாக என்றால் பதின்மூன்று வருஷம்.

அதே 1927 டிசம்பரில் சென்னையில் இன்னொரு கூத்து. டாக்டர் அன்சாரி தலைமையில் காங்கிரஸ் மகாநாடு. அதற்கு ஒட்டாக அகில இந்திய சங்கீத மகாநாடு. அங்கே சங்கீதமே உபநிகழ்ச்சி. பூரண சுயராஜ்யம் வேண்டுமா என்று ஒரு பந்தலில் தீர்மானம், ஆலாபனை ஒரு பந்தலில். எங்கள் திருப்பூர் அப்போது பனியனுக்கு முந்தின கதர் ஊர். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைமையிடமே இங்கேதான். மகாநாட்டுக்குப் போன எங்கள் பக்கத்து ஆள், கதரைப் பார்த்தோமா, தலைவர்களைப் பார்த்தோமா, ‘யாரோ பாடினாங்க’ என்று திரும்பி வந்திருப்பார். அந்த ஒட்டு நிகழ்ச்சியிலிருந்துதான் 1928இல் மியூசிக் அகாடமி முளைத்தது. அவர்கள் புத்திசாலிகள். சண்டைக்கென்று காலையில் தனியாக நேரம் ஒதுக்கி, அதற்கு நிபுணர் குழு விவாதம் என்று பேர் வைத்து, சாயங்காலத்தைக் கச்சேரிக்கு விட்டுவிட்டார்கள். கேன்டீன் பொதுவில் இருந்தது. சாப்பாட்டில் கட்சி பிரிக்காததால் அந்த ஸ்தாபனம் பிழைத்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் சீசனில் ‘எந்த சபாவில் யார்’ என்று கேட்டால், பாதிப் பேர் விசாரிப்பது சமையல் கான்ட்ராக்டரைத்தான்.

திருவையாற்றில் 1940இல்தான் சமாதானம் கூடிவந்தது. ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி நடுவில் நின்று மூன்று கட்சியையும் ஒரே சபாவுக்குள் கொண்டுவந்தார். ஜில்லா நிர்வாகம், நிலவரி, கலவரம் எல்லாவற்றுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார், ஒரு சந்நியாசியின் ஆராதனையை ஒரே தேதியில் நடத்த. 1941 முதல் விழா ஒன்று. பெண்களும் முன்பக்கம் வந்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுகிற வழக்கமும் அந்த இணைப்புக்குப் பிறகு வந்ததுதான். யார் முதலில் பாடுவது என்ற தகராறுக்கு அதைவிடச் சாமர்த்தியமான தீர்ப்பு கிடையாது: எல்லாரும் முதலில் பாடுங்கள். நூற்றுக்கணக்கான தொண்டைகளில் எது யாருடையது என்று தியாகராஜருக்கே தெரியாது.

பிற்காலத்தில் சபாவின் தலைமைக்கு வந்து வெகுநாள் நடத்தியவர் ஜி.கே. மூப்பனார். இதைத் தற்செயல் என்று நான் ஒப்பமாட்டேன். தமிழ்நாட்டுக் காங்கிரஸில் கோஷ்டிகளுக்கு நடுவே ஆயுளைக் கழித்தவருக்கு ஆராதனைக் கமிட்டி ஓய்வு நாள் மாதிரி இருந்திருக்கும்.

இப்போது ஐந்து நாளும் பந்தலில் இரண்டு மேடை பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தம்பூராவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்குச் சில நிமிஷம், சன்மானம் கிடையாது. பல்லவி எடுத்தால் மணி அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பெரிய பெரிய வித்வான்கள் நேரே கீர்த்தனைக்கு வந்துவிடுகிறார்கள். பஞ்சமி காலையில் தியாகராஜரின் திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி புறப்படுகிறது, நாகஸ்வரம் கேட்கிறது, ஒன்பது மணி வாக்கில் பஞ்சரத்னம். பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் முப்பது வருஷம் விட்டுக்கொடுக்காத பஞ்சமியை, ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் நேரலைக்கென்று ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிவிட்டன. அவர்களை எதிர்த்து இதுவரை யாரும் கட்சி ஆரம்பிக்கவில்லை. கடைசி நாள் ராத்திரி ஆஞ்சநேய உற்சவத்தோடு விழா பூர்த்தி. ஆஞ்சநேயருக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும் எந்த வித்வானும் ‘இன்னும் ஒரே ஒரு கீர்த்தனை’ என்று கேட்பதில்லை.