மச்சானுக்கு எதைக் காட்டுவது?

கேள்வி: ஆஸ்திரேலியா போன என் மச்சான், கங்காருவுக்குத் தீனி கொடுக்கிற படங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பி வெறுப்பேற்றுகிறார். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். நம்ம ஊர் விலங்கு என்று பெருமையாக எதைக் காட்டலாம்?
– வாசகர், மோகனூர்

பதில்: அரை நாள்தான் கிடைக்குமென்றால், சேலத்தில் சேர்வராயன் மலை அடிவாரத்திலுள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. மான், மயில், முதலை உண்டு. கங்காரு பழக்கத்தில் மானுக்கு முறுக்கு நீட்டிவிடப் போகிறார், பையைச் சோதியுங்கள்.

பெருமைதான் வேண்டுமென்றால் தேவாங்கு. பாலமேறிக் காவிரியைத் தாண்டினால் வாங்கல், கரூர் மாவட்டம். அதன் தெற்கே கடவூர். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-ல் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். ஆள் கால் கிலோ தேறினாலே அதிகம். வால் கிடையாது, முகத்தில் பாதி கண். பகல் முழுக்க மரத்தில் சுருண்டு தூங்கி, இருட்டியதும் கிளைகிளையாக நிதானமாக நகர்ந்து பூச்சி பிடிக்கும். பயிரைத் தின்கிற பூச்சியும் அதில் அடக்கம்; கூலி கேட்காத வேலையாள். மருந்து, மாந்திரீகம் என்று பிடித்துப் பிடித்தே இதைக் குறைத்தோம்.

வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். போனாலும் கண்ணில் படுமென்று உத்தரவாதமில்லை. பட்டால், மச்சானின் செல்ஃபி ஆசையை அடக்குங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி அது. தொட்டுத் தூக்கினால், சிட்னி திரும்புகிற டிக்கெட்டை அவர் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.