இங்கிலீஷ் பெரியப்பா

கல்யாணப் பத்திரிகை வந்தால் மற்றவர்கள் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பார்கள். சிலர் தங்கள் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கிலீஷ் பெரியப்பா சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார். குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. உங்கள் வீட்டில் அவர் மாமாவாக இருக்கலாம். எங்களுடையவர் அரசாங்க ஆபீசில் டிராஃப்ட் எழுதியே புலி என்று பெயரெடுத்தவர். ரிடையரானபோது ஃபைல்கள் அங்கேயே தங்கிவிட்டன. பேனா மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவருடைய வேதம் ரென் அண்ட் மார்ட்டின் எழுதிய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். பழுப்பு அட்டை போட்டு, சுந்தரகாண்டத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்த ரென்தான் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற பாலைவனச் சண்டைக் கதையை எழுதியவர் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். குருநாதரைச் சீட்டாட்டக் கிளப்பில் பார்த்ததாகச் சொன்னதுபோல் முகம் சுருங்கிப்போனார்.

'டிஸ்கஸ் அபௌட்' என்றால் அவருக்குப் பல் கூசும். 'ரிட்டர்ன் பேக்' காதில் விழுந்தால் காபி இறங்காது. பெண் பார்க்க வந்த பையன், "மைசெல்ஃப் சுரேஷ்" என்று கைகூப்பினான். "குணம் சரி, சம்பளம் சரி, 'மைசெல்ஃப்'தான் உதைக்கிறது" என்று பெரியப்பா இழுத்ததில் அந்த வரன் ஒரு மாதம் தொங்கியது. ஓட்டலில் 'ஒன் மீல்' என்று திருத்தமாகக் கேட்பார். "மீல் இல்லீங்க ஐயா, மீல்ஸ்தான் இருக்கு" என்பார் சர்வர்.

பிடித்தவற்றுக்கு மட்டும் சட்டம் கிடையாது. 'டூ த நீட்ஃபுல்' கேட்டால் உருகிவிடுவார். காதுகுத்துக்குச் செங்கல்பட்டு போய்வந்தாலும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'தான்.

'பிரீபோன்' என்பது ஏதோ டைப்பிஸ்ட் கட்டிவிட்ட சொல் என்பது அவர் கட்சி. 1913-லேயே ஒருவர் 'போஸ்ட்போன்' என்பதற்கு ஜோடியாக இது வேண்டும் என்று நியூயார்க் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார் என்றேன். "அமெரிக்காக்காரனுக்கு எப்போடா இங்கிலீஷ் வந்தது?" என்றார். ஆக்ஸ்ஃபர்டு அகராதியிலும் இருக்கிறது என்றேன். "அதுவும் கெட்டுப்போச்சா!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பரம எதிரி 'ஒன்லி'. "ஐ ஒன்லி டோல்ட்" என்று யாராவது சொன்னால் போதும். எனக்கென்னவோ அது பிழையாகத் தோன்றுவதில்லை. "நான்தான் சொன்னேன்" என்பதில் உள்ள 'தான்' இருக்கிறதே, அதற்கு இங்கிலீஷில் தனிச்சொல் ஏது? வெள்ளைக்காரர் குரலை அழுத்தி ஒப்பேற்றுகிறார். நம்மவர் ஒரு 'ஒன்லி' போட்டுக்கொள்கிறார். இதைப் பெரியப்பாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன தை மாதக் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் லண்டன் பெண்மணி ஒருவர் பட்டுப்புடவையில் வந்திருந்தார். இதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்த பெரியப்பா, ரென்னும் மார்ட்டினும் மெச்சும்படி பத்து வாக்கியம் பேசினார். பிறகு பக்கத்தில் நின்ற தன் சகலையை அறிமுகப்படுத்தத் திரும்பினார். அங்கே நின்றுவிட்டார்.

'பிரதர்-இன்-லா' என்றால் மனைவியின் தம்பியும் அதுதான், தங்கை புருஷனும் அதுதான். நாற்பது வருஷமாக ஒரே மாமனாரிடம் தீபாவளி வேட்டி வாங்கி, ஒரே மாமனாரின் கிண்டலைச் சேர்ந்து சகித்த உறவை அதில் எப்படி அடைப்பது? பெரியப்பா மென்று விழுங்கினார். நாதஸ்வரக்காரர்கூட அந்த நேரம் பார்த்து மூச்சு வாங்கினார்.

"மை... கோ-பிரதர்."

என் பரீட்சைக் கட்டுரையில் இதே சொல்லைத்தான் ஒரு காலத்தில் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார்.

"அழகான சொல்!" என்றார் அந்தப் பெண்மணி, இங்கிலீஷில். "அந்தக் கோ-பிரதர் நீங்கள்தானா?"

"யெஸ், ஐ ஒன்லி!" என்றார் சகலை, வாயெல்லாம் பல்லாக.

பெரியப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. மொய்க் கவரில் பெயர் எழுத யாரோ பேனாவை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.