சைக்கிள் ஓட்ட ஒரு டாக்டர் சீட்டு

லெக்கோ, இத்தாலி
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியை முதலில் அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு வா. மீதியை அப்புறம் படிக்கலாம்.

போனில் "ஈசிஜி எடுத்தேன்" என்று சொன்னதுதான் தாமதம், லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிடுவதற்குள் அம்மா இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டாளாம், அதுவும் என் முடியை. அதில் மிச்சம் இருப்பதே கொஞ்சம். நீ உன் பங்குக்கு "மறைக்காதே, ஸ்டென்டா பைபாஸா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாய். இரண்டும் இல்லை தாயே. சைக்கிள் ஓட்டுவதற்காக ஈசிஜி எடுத்தேன்.

சிரிக்காமல் கேள். சும்மா ரோட்டில் ஓட்டினால் இங்கே யாரும் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. பெரியவர்களுக்கு ஹெல்மெட்கூடக் கட்டாயம் இல்லை. (நான் போடுகிறேன், அம்மாவிடம் சொல்லிவிடு.) ஆனால் 'கிரான் ஃபோந்தோ' என்று ஒன்று நடத்துவார்கள். நூறு நூற்றைம்பது கிலோமீட்டர், முழுக்க மலை. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். முதலில் வரப்போவது நாம் இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும், ஆனாலும் முதுகில் நம்பர் குத்தி நேரம் குறிப்பார்கள். நேரம் குறித்தால் அது போட்டி. போட்டி என்றால் விளையாட்டு மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். 1982இல் போட்ட உத்தரவு. சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அடுத்த வருஷம் மறுபடியும் போய் நிற்க வேண்டும். இந்த ஊரில் காருக்கு எஃப்சி எடுக்க முதலில் நாலு வருஷம், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எனக்கு வருஷா வருஷம்.

காலை முதல் மூத்திரத்தைக் குப்பியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சைக்கிளிலேயே போயிருக்கலாம். ஆனால் சான்று வாங்க வந்தவன் சைக்கிளோடு டாக்டர் வாசலில் நின்றால் மரியாதையாக இருக்காது என்று பட்டது. உள்ளே ஒரு குழாயை வாயில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊது, இன்னும் ஊது, நிறுத்தாதே என்று பக்கத்தில் நின்று ஒரு அம்மாள் போட்ட சத்தத்தில், பிரசவ வார்டுக்குள் வந்துவிட்டோமோ என்று சந்தேகமாகிவிட்டது. அப்புறம் குடும்ப வரலாறு. சுகர் உண்டா, பிரஷர் உண்டா, யாருக்கு, எந்த வயதில்? நம் வீட்டு விவரங்களை நான் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். அப்பா விஷயத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்ததுதான் உச்சம். சைக்கிள் ஓட்ட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக டாக்டர் என்னைச் சைக்கிள் ஓட்டச் சொன்னார். நாற்பது தாண்டியவர்களுக்கு இது உண்டு. அறைக்கு நடுவில் நட்டுவைத்த, எங்கேயும் போகாத சைக்கிள். ஒயர் ஒட்டுவதற்காக மார்பில் அங்கங்கே சதுரம் சதுரமாகச் சிரைத்துவிட்டார்கள். இருக்கன்குடி ஆத்தாளுக்கு முதல் தவணை கட்டியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் பெடலை இறுக்கிக்கொண்டே போனார்கள். நாக்கு வெளியே வந்த பிறகு "போதும், இப்போது சைக்கிள் ஓட்டலாம்" என்றார் டாக்டர். அந்த நிலையில் படியிறங்கவே எனக்கு ஆள் தேவைப்பட்டது.

சான்று கைக்கு வந்தது. விளையாட்டு என்ற இடத்தில் 'தடகளம்' என்று அடித்திருந்தார்கள். போட்டிக்காரர்கள் ஏற்கவில்லை. என் இதயம் மாரத்தானைத் தாங்கும், சைக்கிளைத் தாங்குமா என்பதற்கு ஆதாரம் இல்லையாம். மறுபடி போய் ஒரு வார்த்தையை மாற்றி முத்திரை குத்தி வாங்கிவந்தேன். இன்னொரு வேடிக்கை கேள். இந்த ஊரில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும், நமக்கு ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் இருக்கிறது. அதனால் நான் இங்கே எங்கே போனாலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சான்றிலும் அந்தப் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆக, இத்தாலி அரசாங்கத்தின் கணக்கில் நம் அப்பா மலை ஏறத் தகுதியானவர்.

சரி, அப்படி எந்த மலை என்று கேட்பாய். இன்று போய்வந்ததையே சொல்கிறேன். எங்கள் ஊர் ஏரியின் ஒரு கால் நுனியில் இருக்கிறது. கோமோ ஏரி இரண்டு கால் விரித்து நிற்கும் வடிவம். கவட்டையில் பெல்லாஜியோ. ஏரிக்கரையோடு இருபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்தால் அங்கே போய்விடலாம். வழியில் சுரங்கப்பாதை வந்தால் மினுங்கும் சட்டை போட வேண்டும் என்பது சட்டம். மணியும் கட்டாயம். எட்டுக் கிலோ கார்பன் சைக்கிளில் ஒரு குட்டி மணி. (விலை கேட்காதே. பழசுதான் வாங்கினேன். பழசின் விலையும் கேட்காதே.) பெல்லாஜியோவில் அமெரிக்கக்காரர்கள் ஐஸ்கிரீமும் கையுமாகப் படகுத் துறையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மேலே திரும்பும் ரோடுதான் கிசால்லோ ஏற்றம்.

ஆரம்பத்திலேயே நூறு மீட்டருக்குப் பதினாலு மீட்டர் தூக்குகிற இடம் வருகிறது. மூக்கு நுனியிலிருந்து வேர்வை ஹேண்டில்பாரில் சொட்டுவதை எண்ணிக்கொண்டே போவேன், வேறு எதையும் பார்க்கத் தெம்பு இருக்காது. நடுவில் சிவென்னா பக்கம் கொஞ்சம் மட்டமாக வரும். அங்கே ஒரு பாரில் நிறுத்துவது வழக்கம். பார் என்றதும் மச்சான் காதைத் தீட்டுவார். இது காப்பி குடிக்கிற இடம் என்று சொல். கிழவர்கள் ரோஜா நிறப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பேப்பர்தான் 1909இல் இத்தாலியைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தை ஆரம்பித்தது. பந்தயத்தில் முன்னணியில் இருப்பவனுக்கு 1931இலிருந்து அதே நிறத்தில் சட்டை. கிழவர்கள் என்னைப் பார்க்க மாட்டார்கள், பின்சக்கரத்துப் பல்லைப் பார்ப்பார்கள். குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பல்சக்கரமா, இது வயதானவர்கள் போடுவது" என்று எழுபது வயதுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். என் வேகத்தைப் பற்றி அவர் கருத்துச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்.

உச்சி 754 மீட்டர். அங்கே ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது அக்கா. அம்மாவை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும். 1949இல் போப்பாண்டவர் அந்த மாதாவைச் சைக்கிள்காரர்களின் காவல் தெய்வம் என்று அறிவித்தார். உள்ளே நுழைந்தால் சுவரில் உயரத்தில் வரிசையாகச் சைக்கிள்கள். அந்தக் காலத்துச் சாம்பியன்கள் கொப்பி, பர்த்தாலி ஓட்டியவையெல்லாம் இருக்கின்றன. சட்டைகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். இறந்துபோன சைக்கிள்காரர்களுக்காக ஒரு விளக்கு அணையாமல் எரிகிறது. பர்த்தாலி சாதாரண ஆள் இல்லை. போர்க்காலத்தில் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லி, யூதர்களுக்கான போலி அடையாளச் சீட்டுகளைச் சைக்கிள் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். உயிரோடு இருந்தவரை இதைப் பற்றி வெளியே அதிகம் பேசியதில்லை. நான் டாக்டர் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போகிறேன். இன்றுவரை வழியில் ஒருவரும் கேட்கவில்லை.

அங்கேயே ஒரு வளைந்த சைக்கிளும் இருக்கிறது. காசர்த்தெல்லி என்ற பையனுடையது. இதே கோமோ பக்கத்துப் பிள்ளை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினான். 1995இல் பிரான்ஸில் மலை இறக்கத்தில் விழுந்து போய்விட்டான். இருபத்துநாலு வயது. அதை மட்டும் அம்மாவிடம் படிக்காதே.

தெம்பு இருந்தால் பக்கத்தில் சோர்மானோ சுவர் என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கு ரோடு. இரண்டு கிலோமீட்டருக்குள் முந்நூறு மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் நம்பரைத் தார் மேலேயே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், நாம் எவ்வளவு மெதுவாகச் சாகிறோம் என்பது துல்லியமாகத் தெரியட்டும் என்று. நான் இறங்கித் தள்ளினேன். இதில் கேவலம் இல்லை. 1960 வாக்கில் இந்தப் பக்கம் நடக்கும் வேறொரு பந்தயத்தில் வீரர்களையே ரசிகர்கள் முதுகில் கைவைத்துத் தள்ளித்தான் மேலே ஏற்றினார்கள். 1962க்குப் பிறகு ஐம்பது வருஷம் அந்தப் பந்தயம் இந்தச் சுவர் பக்கமே வரவில்லை. என்னைத் தள்ள ஒரு நாதியும் இல்லை, நானே தள்ளிக்கொண்டேன். ஒரு விதத்தில் அவர்களைவிட நான் நேர்மையானவன்.

உண்மையான குறை ஒன்று உண்டு, அது சாப்பாடு. கீழே இறங்கி வந்தபோது மணி இரண்டே முக்கால். ஓட்டலில் அடுப்பை அணைத்துவிட்டார்களாம். கிராமம் முழுக்கக் கதவு சாத்திக்கிடந்தது. பூந்தொட்டிகளும் ஒரு குழாயும்தான் விழித்துக்கொண்டிருந்தன. குழாய்த் தண்ணீர் அமிர்தம், மலையிலிருந்து நேரே வருவது. அதைப் பிடித்துக்கொண்டு பையிலிருந்த 'ஜெல்' ஒன்றைப் பிதுக்கி விழுங்கினேன். நம் ஊர்க் காசுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல், ஒரு வாய் சர்க்கரைக் கூழ். கோவில்பட்டி கடலைமிட்டாய் நாலு இருந்தால் நான் ஆல்ப்ஸையே தாண்டிவிடுவேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடு. பால்கோவா வேண்டாம், பால் பண்டம் எதையும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள், ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள். நம் ஊர்ப் பால்கோவாவைக் குப்பையில் போடுவதை என்னால் பார்க்க முடியாது.

அந்தக் குழாயடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அப்பா நினைப்பு வந்தது. ராஜபாளையம் மில்லுக்குப் போகவர எத்தனை வருஷம் மிதித்தார். இந்த மலைக்காரர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள், அவர் மற்ற ஆறு நாளும் ஓட்டினார். அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்தோம். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவருக்கு ஒருமுறைகூட யாரும் ஈசிஜி எடுத்ததில்லை. இதைச் சொன்னபோதுதான் டாக்டர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். சைக்கிள் இல்லாவிட்டாலும் நீ வருஷம் ஒருதடவை வர வேண்டியவன் என்றார்.

பிறகு அவரே ஒரு விவரம் சொன்னார், நானும் தேடிப் படித்தேன். இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியதற்கு முன்னும் பின்னும் வெனெட்டோ பகுதியில் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1979இலிருந்து 2004க்குள், விளையாடுகிற இளவட்டங்கள் இதயம் நின்று திடீரென்று சாவது பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. குப்பியைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசுவேன். அடுத்த வருஷமும் பிடித்துக்கொண்டு போவேன்.

அப்பாவின் ராலே இன்னும் மாட்டுக் கொட்டகையில்தானே இருக்கிறது? மச்சான் எடைக்குப் போட்டுவிட்டார் என்று மட்டும் எழுதாதே.

மச்சானுக்கு இந்த ஆவணியில் ஐம்பது. படி ஏறும்போது நின்று நின்று ஏறுகிறார், கேட்டால் வாயு என்கிறார் என்று போன வாரம் நீயே சொன்னாய். திங்கள்கிழமை லீவு போடச் சொல்லி மதுரைக்குக் கூட்டிப்போ. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் எடுங்கள். பணம் நாளைக்குப் போடுகிறேன். அவர் மாட்டேன் என்பார். தம்பி சைக்கிள் வாங்கித் தரப்போகிறான், சான்று இல்லாமல் கொடுக்க மாட்டானாம் என்று சொல். ரிசல்ட் வந்த அன்றே எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

உன் தம்பி