மூக்குச் சளியும் ட்யூலிப் கிழங்கும்

1637 பிப்ரவரி முதல் வாரம். ஹாலந்தில் ஹார்லெம் என்ற ஊரில் ட்யூலிப் கிழங்கு ஏலம். கூவுகிறவர் தொண்டை வற்றக் கூவியும் கேட்க ஆளில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்த கிழங்கைக் கண்ணால் பார்க்காமலே சாராயக் கடையில் உட்கார்ந்து சீட்டெழுதிக் கைமாற்றியவர்கள் திடீரென்று தெளிந்துவிட்டார்கள். செம்பர் அகஸ்டஸ் என்ற வரிப்பூ கிழங்கு ஒன்றுக்கு 10,000 கில்டர் வரை விலை சொன்னதாகப் பேச்சு. அந்தப் பணத்துக்கு ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கால் பார்த்த மாளிகையே கிடைக்கும்.

திருச்சிக்காரர்கள் இதற்குச் சிரிக்க முடியாது. ஏறக்குறைய அதே காலத்தில் நாங்கள் தலைநகரத்தையே தொலைத்தோம், அதுவும் மூக்குச் சளிக்கு. திருமலை நாயக்கருக்குத் தீராத மண்டைச் சளி. மலைக்கோட்டைக் காற்றும் காவிரி ஈரமும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மதுரைக்குப் போகும் வழியில், கனவில் மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து, "மதுரையிலேயே குடியிருந்தால் சளியைப் போக்குகிறோம்" என்றார்களாம். சளி போனது, தலைநகரமும் கூடவே போனது. ஒரு கஷாயத்தோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி.

ஆனால் போனது திரும்பி வந்தது. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கே கொண்டுவந்தார். சும்மா வரவில்லை, தாத்தா ஆசையாகக் கட்டிய மகாலைப் பிரித்துத் தூணும் உத்தரமுமாக வண்டியேற்றி வந்தார் என்பார்கள். மண்ணுக்குள் போய் மறுபடி முளைப்பது இந்த ஊருக்குப் பழக்கம்.

ட்யூலிப்புக்கு அந்தப் பழக்கம் குறைவு. பூத்து முடித்த தாய்க்கிழங்கு தன்னையே செலவழித்துக் கரைந்துவிடும். பக்கத்தில் பிறக்கும் குட்டிக் கிழங்குகள் மறு வருஷம் பூத்தாலும் பூக்கும், வெறும் இலையைக் காட்டிவிட்டும் போகும். அதற்கே மூன்று மாதமாவது கடுங்குளிர் வேண்டும். திருச்சியில் மார்கழிப் பஜனைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அதையெல்லாம் ட்யூலிப் குளிர் என்று ஒப்புக்கொள்ளாது. இன்னொரு கூத்து: டச்சுக்காரன் சொத்தை விற்று வாங்கிய அந்த அழகான வரிகள் ஒரு வைரஸ் நோய். கிழங்கை வருஷா வருஷம் நோஞ்சானாக்கும் நோய் அது. 1920களில்தான் கண்டுபிடித்தார்கள்.

பிறகு டச்சுக்காரர்கள் இந்தப் பக்கம் ஊர்களைப் பிடித்தார்கள். 1658இல் நாகப்பட்டினம், 1663இல் கொச்சி. கொச்சியில் ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்களைக் கேட்டுக் கேட்டு, 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்று 12 தொகுதிகள் போட்டார். 1678 தொடங்கி 1693 வரை வந்த அந்தப் புத்தகத்தில் நம் வேலிக் கொடி ஒன்று மலையாளப் பெயரோடு, மேந்தோன்னியாக நிற்கிறது. நாம் செங்காந்தள், கார்த்திகைப்பூ என்றும் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். இவ்வளவு பெருமை இருந்தும் முள்வேலியை விட்டு நகராது.

கிழங்கைத் தோண்டிப் பாருங்கள். இரண்டு கவடாகப் பிரிந்து, பழுப்புத் தோலோடு, சின்னக் கலப்பை மாதிரி இருக்கும். உயிரெல்லாம் கவட்டின் முனையில். அந்த முளை ஒடிந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். மழை விழுந்ததும் கொடி கிளம்பும். இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். பூ பச்சை மஞ்சளாக விரிந்து, இதழ்களை மேலே மடித்துக்கொண்டு, நாளாக ஆகச் சிவக்கும். கோடையில் ஆளையே காணோம். இதுவும் தாய்க்கிழங்கைத் தின்று புதுக்கிழங்கு போடுகிற ஜாதிதான், ஆனால் அடுத்த மழைக்குத் தவறாமல் ஆஜர்.

ஹாலந்தில் ஒரு மாலுமி விலையுயர்ந்த ட்யூலிப் கிழங்கை வெங்காயம் என்று நினைத்து மீனோடு கடித்துத் தின்று சிறைக்குப் போனதாக ஒரு கதை உண்டு. ஆராய்ந்தவர்கள் புளுகு என்கிறார்கள். புளுகாகவே இருக்கட்டும். அவன் நம் ஊரில் கண்வலிக்கிழங்கைக் கடித்திருந்தால் சிறைக்குப் போயிருக்க மாட்டான், நேரே ஓயாமரிச் சுடுகாடுதான். உள்ளே இருக்கும் கோல்ச்சிசின் அவ்வளவு விஷம். அதே சரக்கை அளந்து கொடுத்தால், கறியும் ஒயினுமாக வாழ்ந்து கால் கட்டைவிரல் வீங்கியவருக்கு மருந்து. அதனால்தான் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் இதைப் பந்தல் போட்டு வளர்த்து, காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்து, விதையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். டச்சுக்காரன் வேலை இப்போது நமக்கு. விதை விலை ஏறி இறங்குகிற அழகில் ஹார்லெம் தோற்றுப்போகும்.

பூ விஷயத்தில் எங்கள் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. ஸ்ரீரங்கத்தில் தோட்டக்காரர் என்றால் தொண்டரடிப்பொடியாழ்வார்தான், அந்நாளைய விப்ரநாராயணர். நந்தவனம் போட்டவர் தேவதேவி என்ற தாசியிடம் மனசைப் பறிகொடுத்தார், பிறகு தங்க வட்டில் திருட்டில் மாட்டினார். அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தது சாட்சாத் ரங்கநாதர்! கடைசியில் பெருமாளே ராஜாவின் கனவில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் வட்டாரத்தில் பெரிய தீர்ப்பெல்லாம் கனவில்தான். ஆழ்வார் நந்தவனத்தில் நிலச்சம்பங்கி இருந்திருக்காது. அது மெக்சிகோ சரக்கு, பல நூற்றாண்டு கழித்துக் கப்பலேறி வந்தது. வந்த வேகத்தில் உள்ளூர்க்காரியாகி, இன்று சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. மாப்பிள்ளை மாலை அது இல்லாமல் நிமிராது.

ஆகவே, குளிர்ப்பெட்டியில் வைத்த ட்யூலிப்புக்கு ஆசைப்படாதீர்கள், ஒரு சீசனோடு சரி. சம்பங்கி வேண்டுமென்றால் 25, 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பொறுக்கி, தோண்டிய பின் ஒரு மாதம் காயவிட்டு நடுங்கள், மூன்று வருஷம் பூக்கும். காந்தள் வேண்டுமென்றால் முனை ஒடியாத பருத்த கிழங்காகப் பார்த்து, தென்மேற்குப் பருவத்தோடு வேலியோரம் ஊன்றுங்கள். மிச்சக் கிழங்கைத் தயவுசெய்து சேம்பும் சேனையும் இருக்கிற கூடையில் போட்டு வைக்காதீர்கள்.