எடை நின்ற படலம்

இவ்வாராய்ச்சி என்ன நுதலிற்றோ எனின், 80 கிலோவில் புறப்பட்டு 70-ஐ நோக்கி ஒழுங்காக இறங்கிவந்த ஓர் எடை, 72 வந்ததும் மாம்பலத்துக்கு முன்னால் சிக்னல் விழாத பீச் லோக்கல் மாதிரி நின்றுவிடுவது ஏன் என்று உணர்த்துதல் நுதலிற்று. ஆய்வுக்களம் லஸ் முனை தொடங்கி பெசன்ட் நகர் கடற்கரை வரைக்கும், மேற்கே பனகல் பார்க் வரைக்கும். அதற்கப்பால் வசிப்பவர்களுக்கும் எடை நிற்கிறது. ஆனால் அவர்கள் அதைப் பற்றி இவ்வளவு பேசுவதில்லை.

இத்துறையின் ஆதி ஆசிரியர் சாந்தோரியோ என்னும் இத்தாலிய மருத்துவர். தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தே சாப்பிட்டு, ஏறினதையும் இறங்கினதையும் பல்லாண்டு குறித்துவைத்து 1614-ல் நூலாக வெளியிட்டார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு உதைத்தது. மிச்சம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். நம் களத்தில் கணக்கு நேர் எதிராக உதைக்கிறது. உள்ளே எதுவுமே போகவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். எடை மட்டும் இருக்கிறது.

நம்மூரில் இந்தக் கலையை வளர்த்தது ரயில் நிலைய எடை மெஷின். கலர் பல்புகள் மின்ன, சக்கரம் சுற்ற, காசைப் போட்டால் ‘டக்’கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கம் சினிமா நட்சத்திரம், மறுபக்கம் எடையும் ஆரூடமும். எடை எத்தனை இருந்தாலும் ஆரூடம் நல்லதாகவே இருக்கும். வீட்டுக்கு டிஜிட்டல் மெஷின் வந்தபோது ஆரூடம் போய், புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வந்தது. மயிலாப்பூரின் மன உளைச்சல் அன்றைக்குத் தொடங்கிற்று என்பது என் துணிபு. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறரைக்குக் காதைக் கொடுத்தால் இது விளங்கும்.

“மூணு வாரமா 72.4 சார். அசையவே மாட்டேங்கறது.”

“தைராய்டு பாத்தேளா?”

“பாத்தாச்சு. நார்மல்.”

“அப்ப வயசுதான்.”

உடல் நூலார் இதை ஒப்பார். என்னை எனின், 1990-ல் வந்த மிஃப்லின் சூத்திரப்படி, சும்மா படுத்துக் கிடக்கும் உடம்பின் செலவில் கிலோவுக்குப் பத்து கலோரி கணக்கு. எட்டு கிலோ இறங்கினால் நாளொன்றுக்கு 80 கலோரிச் செலவு போயிற்று. நடக்கும்போதும் செலவு குறைகிறது, சுமக்க வேண்டிய ஆசாமி இளைத்துவிட்டார் அல்லவா. போதாக்குறைக்கு, 1995-ல் நியூயார்க்கில் லைபெல் குழுவினர் பத்து சதம் எடை இறங்கியவர்களை ஆராய்ந்தபோது, இளைத்ததற்கு நியாயமாகக் குறைய வேண்டியதைக் காட்டிலும் அதிகமாக உடம்பு செலவைச் சுருக்கியது தெரிந்தது. உடம்புக்கு டயட் தெரியாது, பஞ்சம்தான் தெரியும். ஆகவே 80 கிலோக்காரருக்கு டயட்டாக இருந்தது, 72 கிலோக்காரருக்கு வெறும் சாப்பாடு.

முதல் வாரம் ‘மடமட’வென்று விழுந்த கிலோக்களோ எனின், அவற்றில் கணிசம் தண்ணீர். உடம்பு சேமித்து வைத்த கிளைகோஜன், கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைக் கட்டிவைத்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் இரண்டும் ஜோடியாகக் கிளம்பும். இதை அறியாதவர் அந்த வேகத்தை நம்பி, பேன்ட்டையெல்லாம் இடுப்பு பிடிக்கச் சொல்லி டெய்லரிடம் கொடுத்துவிடுகிறார்.

இனி நம் கோட்பாடு. 80-ல் இருந்தபோது தினமும் 500 கலோரி பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு தொன்னைச் சுண்டல் விழுந்தாலும் தெரியாது. 72-ல் அது 150-ஆகச் சுருங்கிவிட்டது. இப்போது கணக்கில் வராத வாய்தான் கணக்கையே தீர்மானிக்கிறது. நாளைக்கு நாலு டம்ளர் காபி, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூன் ஐந்து கிராம் என்றால் 160 கலோரி. தீர்ந்தது. பாலை இன்னும் தொடவில்லை. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதம், ஆரஞ்சில் 6. அரை லிட்டருக்கு வித்தியாசம் 15 கிராம், அதாவது 135 கலோரி. தைராய்டையும் வயதையும் பரம்பரையையும் கூண்டில் ஏற்றுகிறார்கள். வாசல் பையில் தொங்கும் பாக்கெட்டின் நிறத்தை ஒருவரும் விசாரிப்பதில்லை.

கணக்கில் வராத வாய்களில் தலையாயது பாத்திரம் காலிசெய்யும் வாய். ராத்திரி ஒன்பது மணி. வாணலி அடியில் இரண்டு பிடி உருளைக்கிழங்கு ரோஸ்ட். ஃபிரிட்ஜில் வைக்க அற்பம், கொட்ட மனசு வராது. “இத்தனூண்டுதான், வழிச்சுப் போட்டுண்டா பாத்திரத்தை அலம்பிடலாம்” என்று சொல்லும் மாமி அதைத் தட்டில் போட்டுக்கொள்வதுகூடக் கிடையாது, வாணலியோடு நின்றபடியே முடித்துவிடுவார். எழுதிவைக்கும் ஆப்பில் ‘நின்றபடி’ என்று ஒரு கட்டம் இல்லை. களத்துப் பெண்மணிகளின் கடைசி இரண்டு கிலோவில் பெரும்பங்கு மற்றவர்கள் மிச்சம் வைத்தது என்பதை இத்துறை இதுவரை கவனிக்காதது ஆண்கள் அதிகம் எழுதியதால் இருக்கலாம்.

அடுத்தது பிரசாதம். அதற்குக் கலோரி உண்டோ எனின், இல்லை என்பதே வழக்கு. மூன்றாவது, நடைக்குப் பிந்தைய பலகாரம். நாலு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். ஆனால் நடப்பவரின் பாதை அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸையோ, சாயங்காலமானால் பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையையோ தொடாமல் வீடு சேர்வதில்லை.

காலமும் துணை நிற்பதில்லை. மார்கழியில் சபா கேன்டீன். பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் கை நீட்டாமலே கையில் பானகம் வந்து சேரும். ஆடியில் ரங்கநாதன் தெரு நெரிசலை உடற்பயிற்சியாகக் கணக்கெழுதி, அதற்கு ஊதியமாக ஐஸ்கிரீம். ஆவணியில் சீடை, புரட்டாசியில் ஒன்பது நாள் சுண்டல். ஆனி ஓரளவு காலி. அதனால் அதில் கல்யாணம் வைக்கிறார்கள்.

எதிர்க்கட்சிக்காரர் கொள்ளு ரசம் என்பர். பேலியோ டயட்டைப் பரப்பிய நியாண்டர் செல்வன் வழி வந்தோர் காலையில் 100 பாதாம் என்பர். மெஷினை மொசைக் தரைக்கு மாற்றி, பாட்டரி மாற்றி, ஒற்றைக்காலில் நிற்போரும் உளர். பெரும்பான்மைக் கட்சி ‘சாதத்தை விட்டுட்டேன்’ கட்சி. சாதத்தை விட்டவர் இட்லியை அரிசியில் சேர்ப்பதில்லை. தோசை, சேவை, அரிசி உப்புமாவையும்தான். ராத்திரி சப்பாத்தி என்பார், நாலு என்பதையும் குருமாவையும் விட்டுவிடுவார்.

மெய்யான வைத்தியம் சப்பென்றது. இப்போதைய எடைக்குப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். உப்பும் ஊறுகாயும் ஒரே ராத்திரியில் முள்ளை ஒரு கிலோ நகர்த்தும் என்பதால் வாரச் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். பருப்பும் முட்டையும் கூட்டி, எடை தூக்கிப் பழகினால் தசை கரையாது. எல்லாவற்றுக்கும் முன்னால், 70 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று 2009-ல் நம் மருத்துவர்கள் வகுத்தார்கள். 170 செ.மீ. உயரக்காரருக்கு 25 என்பது 72 கிலோ சொச்சம், 23 என்பது 66 சொச்சம். இரண்டிலும் 70 வரவில்லை. முழு எண் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. இடுப்பில் டேப் போட்டால் இன்னும் உருப்படியான தகவல் கிடைக்கும், ஆண்களுக்கு 90 செ.மீ. வரம்பு.

கோட்பாட்டைச் சோதிக்க, அடையாறு வீடொன்றில் மாமாவுக்குச் சொல்லாமல் ஆரஞ்சு பாக்கெட்டை நீலமாக்கினார்கள். முதல் வாயிலேயே டம்ளரைக் கீழே வைத்து, “பாலா இது? குழாயைத் திறந்து விட்டேளா?” என்றார். சோதனை அத்தோடு நின்றது. பேச்சுவார்த்தையின் முடிவில் அவர் ஒன்றுக்கு இசைந்தார்: டம்ளருக்கு அரை ஸ்பூன் சர்க்கரை குறைத்துக்கொள்வார். நாலு டம்ளருக்கு 40 கலோரி. கிலோவுக்கு 7,700 கலோரி என்ற பழைய கணக்கின்படி, உடம்பு குறுக்குசால் ஓட்டாமல் இருந்தால், இரண்டு கிலோ இறங்க 385 நாள் ஆகும். அதற்குள் எல்லாப் பண்டிகையும் ஒரு சுற்று வந்துவிடும், சில இரண்டு தடவை.